டீசல் என்றொரு மனிதர்

"மஹாளய அமாவாசைக்கு மறுநாள், ஹவுரா ஃபெரி. டீசல் கதை சொன்னேன்" என்கிறது என் நாட்குறிப்பு. கேட்டவர் அந்தப் படகின் எஞ்சின்காரர், எண்ணெய்க் கைகளுடைய வங்காளி; 'தாதா', அதாவது அண்ணா, என்றே கூப்பிடுவேன். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் படகின் பின்பக்கம் போய்த் தண்ணீரையே பார்ப்பார். எஞ்சின் விசிறியில் ஆகாயத்தாமரை சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதாக நினைத்திருந்தேன்.

"டீசல்ங்கறது ஒரு ஆளோட பேர், தாதா. இந்த எஞ்சினைக் கண்டுபிடிச்சவர். கப்பல்லேர்ந்து காணாமப் போயிட்டார்" என்றேன் சிரித்தபடி.

"உடம்பு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. பாக்கெட்ல இருந்ததை மட்டும் எடுத்துக்கிட்டு, மறுபடி கடல்லயே விட்டுட்டாங்க."

"அவர் உடம்பாவது கிடைச்சுதே. என் தம்பி இந்த கங்கையிலதான் போனான். எங்களுக்கு ஒண்ணுமே கிடைக்கல."

மறுகரை வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

டீசல் தவறி விழுந்தாரா, குதித்தாரா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அந்தத் தம்பியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.