மாப்பிள்ளை கேட்ட வழி

மதுவிலக்கு எங்கள் ஜில்லாவுக்கும் வந்துவிட்ட வருஷம். ஒரு புரட்டாசி சனிக்கிழமை, வெயில் சாயத் தொடங்கிய நேரம், அரியலூர் கடைத்தெருவில் என் தங்கையின் கணவரோடு நின்றுகொண்டிருந்தேன். கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்களின் வண்டிகள் துளசி வாசனையோடு எங்களைக் கடந்து போயின. நாங்கள் தேடி வந்தது வேறு சன்னிதி.

மாப்பிள்ளைக்கு அரும்பாவூர். விளைகிற பூமி, உழைக்கிற கை, நல்ல மனசு. அத்தனையும் குடியில் கரைந்துகொண்டிருந்தது. கள்ளுக்கடையைச் சர்க்கார் பூட்டியது. குடி என்ன, பூட்டுக்கு அடங்குமா? கடையை விட்டு இறங்கிப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கை கைக்குழந்தையோடு ரஞ்சன்குடிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அவரு குடிய விட்டாத்தான் அந்த வூட்டுப் படிய மிதிப்பேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவளைப் பார்க்க அவர் தள்ளாடிக்கொண்டு வருவார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஜமக்காளம் விரித்தோம். தலைவாழை இலை போட்டோம். "மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுங்களா?" பெண் கொடுத்த வீடு, மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிட முடியுமா? அவர் இலைக்கு முன்னாலேயே தூங்கிப் போவார். நாங்கள் விசிறி விடுவோம்.

பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். குடியை விட்ட ஆட்கள் அரியலூரில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறார்களாம், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறுகிறார்களாம். எங்கே என்று நான் கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. குடி என்கிற சொல் வராமல் சுற்றிவளைத்து மாப்பிள்ளையிடம் சொன்னேன். "போய்த்தான் பாப்பமே மச்சான்" என்றார். அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து அவர் தொடவில்லை. நடுங்கிய கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

கடைத்தெருவில் வெற்றிலைக் கடைக்காரரிடம் வழி கேட்கப் போனேன். பக்கத்தில் மாப்பிள்ளை. குடி என்கிற சொல்லை அவர் காதுபட எப்படி எடுப்பது? குரலைத் தாழ்த்தி, "சாயங்காலத்துல நாலு பேரு ஒண்ணா உக்கார்ற எடம் இருக்காமே... அதாங்க... தெரியுங்களா?" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துண்டுக்குள் நடுங்கிய கையையும் பார்த்தார். "போலீசு இல்லையே?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்ப நேரா போயி ஓடையில எறங்குங்க. வேலமரத்துக்குப் பின்னால."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஓடையில் தண்ணீர் இல்லை, மணல்தான். எதிர்க்காற்று அடித்தது, காற்றோடு அந்த வாடையும் வந்தது. மாப்பிள்ளையின் நடை வேகமாயிற்று. எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வேலமரத்தடியில் ஒரு பானை, பானைக்குப் பக்கத்தில் ஒரு ஆள். "வாங்க, புது மொகமா இருக்கு" என்று கொட்டாங்கச்சியில் சாராயத்தை நிரப்பி நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார்.

தட்டிவிட வேண்டியதுதானே? கை எழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை கண்ணுக்குள் வந்து நிற்கிறாள். வாயைத் திறந்தால், "மாப்பிள்ளை... வந்துங்க..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அவர் கொட்டாங்கச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்த ஆளிடம், ஓடை முழுக்கக் கேட்கும்படி, "அண்ணே, நான் குடிய விட வந்தவன். விட்டவங்க கூடுற எடம் எங்கண்ணே? எங்க மச்சான் அதக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு இங்க கூட்டியாந்துட்டாரு" என்றார்.

அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல மச்சான்யா நீ." கொட்டாங்கச்சியைத் திருப்பி வாங்கிப் பானையில் ஊற்றினார். "சுண்ணாம்புக் காளவாய்க்குப் போங்க, இந்தக் கரையோடவே. என் தம்பிகூட அங்கதான் உக்காந்திருக்கான். என்னைப் பாத்ததா மட்டும் சொல்லிப்புடாதீங்க, ஏற்கெனவே வையுறான்."

காளவாய்ப் பக்கம் மண்ணும் மரமும் மனுஷனும் வெள்ளையாக இருந்தன. அணைந்த சூளையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், நடுவில் கருப்பட்டிக் காப்பி. யார் வீடு, எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. "வாப்பா, உக்காரு" என்றார் ஒருவர். எங்கள் மாப்பிள்ளையை வாப்பா என்று ஒருவர் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அவரோ, தலைச்சுமையை இறக்கியவர் மாதிரி அந்தச் சுண்ணாம்புத் தூளிலேயே உட்கார்ந்தார்.

அவர் பேசும் முறை வந்தது. "மாமனார் வூட்டுல எல போட்டாங்க, விசிறி விட்டாங்க. ஏன்யா குடிச்சேன்னு ஒருத்தரும் கேக்கல. இன்னைக்குக் கேட்டுடுவாங்கன்னு பயந்துக்கிட்டே போவேன். கேக்கலன்னா திரும்பவும் குடிப்பேன்" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவர் குவளையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். நான் சூளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் தானாகவே போனார். நடுவில் ஒருமுறை சறுக்கி, குடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று ஜமக்காளம் விரிக்கவில்லை. "ஏன் மாப்பிள்ளை குடிச்சீங்க?" என்று வாசலில் நின்றே கேட்டேன். அப்படியே திரும்பிப் போனவர், அடுத்த சனிக்கிழமை காளவாயில் இருந்தார். அறுவடை முடிந்த தை மாதத்தில் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரும்பாவூர் பஸ் ஏறினாள். படியை மிதித்தாள், பிறகு இறங்கவே இல்லை.

இன்றைக்கும் வழி தெரியாமல் எங்கே நின்றாலும், தேடுவது எதுவோ அதன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறேன். பாதி தூரம் அப்படிக் கேட்பதிலேயே கடந்துவிடுகிறது.