கழுத்துக்கு மேலே

அம்மா போன அன்று, ஐஸ் பெட்டி வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில், சித்தப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஒரு போட்டோ கேட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், தென்காசியில் பிளக்ஸ் கடைக்காரர் காத்திருக்கிறார்.

"நீதான் எப்பப் பாத்தாலும் அம்மாவ போட்டோ எடுத்துக்கிட்டே கெடப்பியே. அதுல நல்லதா ஒண்ணு அனுப்பும்மா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. என் போனில் அம்மாவின் படங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட முகம் இல்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். சென்னையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, புத்தகங்களுக்குப் படம் வரையப் போகிறேன் என்று ஊருக்கு வந்து நின்றபோது வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை பார்க்கும் அப்பா, ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஆபீஸ் கிடையாது, ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் மெயில் போட்டு வேலை கேட்க வேண்டும், கொடுத்தால் உண்டு என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். விசாரிக்கிறவர்களிடமெல்லாம் 'வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர் வேல' என்று சொல்லி என்னைக் காப்பாற்றியது அம்மாதான்.

ஏழெட்டு மாதம் ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு ஒரு சிறுவர் புத்தகம் வந்தது. ஒரு தாயும் மகளும் அருவியில் குளிக்கப் போகும் கதை. குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள், இது என்ன பெரிய காரியம் என்று வரைந்து அனுப்பினேன். அருவிக்கடியில் நிற்கும் பெண் தந்திக் கம்பம் மாதிரி நிற்கிறாள் என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். தண்ணீர் தலையில் விழும்போது தோள் எப்படிக் குறுகுகிறது என்பதைப் பார்த்துத்தான் வரைய முடியும். ஐந்தருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் போனைத் தூக்க முடியுமா? தூக்கவும் கூடாது. அதனால் அம்மாவைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்து, மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பைத் தலைக்கு மேல் பிடித்தேன். ஆடிமாதக் காற்று. பல் கிடுகிடுக்க நின்றாள். சாரல் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், நம் வீட்டிலேயே சீசன் ஆரம்பித்தாயிற்று என்று கேலி வேறு. அந்தப் படங்களில் தலை இருக்கிறது. ஆனால் ஈரமுடி முகத்தை முழுக்க மூடியிருக்கிறது.

அதைப் பார்த்து வரைந்த படம் ஒரே மூச்சில் தேறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாக் கதைகளுக்கும் அம்மாதான் ஆள். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து லாரி டிரைவர் ஆனாள். கரண்டியை ஓங்கிக்கொண்டு ராஜாவாக நின்றாள். அவளிடம் ஒரே ஒரு குறை, போனைப் பார்த்தால் சிரித்துவிடுவாள். சிரித்தால் தோள் குலுங்கும், நிற்கிற நிலை கெட்டுவிடும். எனக்கு வேண்டியது கையும் இடுப்பும் சேலை மடிப்பும்தான். அதனால் போனைக் கீழே இறக்கிக் கழுத்தோடு நிறுத்திக்கொண்டேன். போன் கண்ணில் படாவிட்டால் அவ்வளவாகக் குலுங்க மாட்டாள், சிரித்தாலும் படத்தில் விழாது. முகங்களை நானே கற்பனை செய்தேன். உருண்டைக் கன்னம், பெரிய கண், கொஞ்சம் வெளுத்த நிறம். எடிட்டர்களுக்கு அந்த முகம் பிடித்துப்போயிற்று. எனக்கும் அது கைப்பழக்கமாகிவிட்டது.

அம்மாவுக்கு இது ரொம்ப நாள் தெரியாது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் முகம் கழுவி, பவுடர் போட்டு, புதுப்பொட்டு வைத்துக்கொண்டுதான் வருவாள். எனக்கு எரிச்சலாக வரும். வெளிச்சம் போய்விடும், அப்படியே வந்து நின்றால் என்ன என்று கத்தியிருக்கிறேன். முதல் புத்தகம் அச்சாகி வந்தபோது மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். தன் மணிக்கட்டைக் கண்டுபிடித்தாள். எப்போதும் கொஞ்சம் தூக்கியிருக்கும் வலது தோளையும் கண்டுபிடித்தாள்.

"எல்லாம் நாந்தான். மூஞ்சி மட்டும் யாரு மூஞ்சிட்டி?" என்றாள்.

யாருடையதும் இல்லை, கற்பனை என்றேன்.

"ஒரு புக்குலயாவது என் மூஞ்சியப் போடேன்."

அடுத்ததில் போடுகிறேன் என்றேன். அதற்கப்புறம் நான்கு புத்தகம் செய்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை, பவுடர் போடுவதையும் நிறுத்தவில்லை. என்னோடு சேர்ந்து வேலை பார்த்த ஒரே மனுஷி அவள். அவளிடம் நான் ஒரு நாளும் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

புரட்டாசியில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று சித்தப்பாவுக்குக் காட்டுவதற்காகப் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கை, முதுகு, கணுக்கால், இடுப்பு, மறுபடி கை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா எல்லாம் தலை இல்லாம என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கல்யாண ஆல்பத்தில் அவளுக்குப் பத்தொன்பது வயது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவள் எப்போதும் சமையல்கட்டில் இருந்தவள், குரூப் போட்டோவில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி தெரிகிறது. கடைசியில் ஆதார் படத்தைத்தான் கொடுத்தோம். முழித்த கண், இறுக்கி மூடிய வாய், திட்டு வாங்கிக்கொண்டு நிற்பவள் போல. தெருமுனை போஸ்டரைப் பார்த்த பக்கத்துத் தெருக்காரர்களே யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

நாலாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆதார் மூஞ்சிய வீட்டுல மாட்ட முடியாது. நீ வரைஞ்சு குடு. பதினாறுக்குள்ள முடியும்லா?"

அப்பா எனக்குக் கொடுத்த முதல் வேலை அது. முடியும் என்றேன்.

உட்கார்ந்தேன். அம்மாவின் விரல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், சேலையைச் செருகும்போது இடுப்பு எந்தப் பக்கம் ஒடியும் என்று தெரியும். மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்கு ஆதார் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அளவுகளுக்கு அந்தப் படம் போதும், ஆனால் நான் சிரிக்கிற அம்மாவை வரைய நினைத்தேன். அந்தச் சிரிப்பைத்தானே வருஷக்கணக்காகப் படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன். புருவம் வந்தது, நெற்றி வந்தது, கன்னத்துக்குக் கை வந்ததும் பழகிப்போன அந்த உருண்டைக் கன்னம் வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்தேன். மறுபடி வரைந்தேன். ஏழோ எட்டோ போயிற்று. யாரிடமாவது அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டிருக்கலாம். பெற்ற மகள் போய் அதைக் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது.

பதினாலாம் நாள் ஒன்று வந்தது. கண் சுருங்கி, தலை லேசாகச் சாய்ந்து, ஏதோ கேலி சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன், அவள் போனதிலிருந்து அன்றுதான் அப்படி அழுதேன். அம்மா வந்துவிட்டாள் என்று நிச்சயமாக நம்பினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, தாளை அப்பாவிடம் எடுத்துப் போனேன்.

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் என் படம் எதையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லாருக்கும்மா" என்றார். "இது எந்தப் புக்குக்கு வரையுத?"

புதுசாக ஒரு கதை வந்திருக்கிறது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுத் தாளைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா படத்தயும் சீக்கிரம் ஆரம்பி. ரெண்டு நாளுதான இருக்கு" என்றார்.

மறுநாள் காலை ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.