கட்டைவிரலின் சூடு

நோய்க்கூறு ஆய்வகத்தில் அவளுக்குச் ‘சீவல்’ என்று பெயர். மெழுகில் பதித்த சதைத்துணுக்கை முடியைவிட மெல்லிய ஏடுகளாகச் சீவுவது அவள் வேலை. வெதுவெதுப்பான நீரில் ஏடு சுருக்கமின்றி மிதந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும். யாராவது பாராட்டினால், "கத்தி நல்லா இருந்துச்சு" என்று நகர்ந்துவிடுவாள்.

அண்ணனுக்கு இரைப்பையில் புற்று. குழாய்விட்டுக் கிள்ளியெடுத்த அரிசியளவு துணுக்கை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"என் வயித்தையே சீவப்போறியா?" கட்டிலில் கிடந்தபடி அண்ணன் சிரித்தார். "பென்சிலைச் சீவியே தீர்த்தவ நீ. கொஞ்சம் மிச்சம் வைடி."

"வாயை மூடுண்ணா."

செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உலைகள் எரிகின்றன. அவற்றை நடத்தும் மரபணுக்களில் எது ஓங்கிப் பேசுகிறது, எது வாயடைத்துக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் சோதனையிலிருக்கும் புது மருந்து அண்ணனுக்கு ஏற்குமா என்று முடிவுசெய்வார்கள். அந்தப் பேச்சைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. நொய்ந்த பொருள். வெறுங்கை பட்டாலே சிதையும்.

அன்று மெழுகு அதிகம் குளிர்ந்து, ஏடு நொறுங்கியது. கை பழக்கத்தை விடவில்லை. கையுறையை உருவி, சூடேற்றக் கட்டைவிரலை மெழுகின் முகத்தில் அழுத்தினாள். அப்புறம்தான் உறைத்தது. ஆய்வக மருத்துவரிடம் ஓடினாள்.

"வெறுங்கையை வச்சிட்டேன் டாக்டர்."

"மேல் ஏடுகளைக் கழிச்சிட்டு உள்ளே போம்மா. மிச்சமிருக்கும்ல?"

"இருக்கணும். இன்னொரு தடவை குழாய்விட அண்ணன் உடம்பு தாங்காது."

கழித்த ஒவ்வொரு ஏட்டிலும் அண்ணன் குறைந்துகொண்டே வந்தார். துணுக்கு பொட்டாகச் சிறுத்தபோது கடைசி ஏடுகளைச் சோதனைக் குப்பியில் சேர்த்தாள்.

சில நாளில் மருத்துவர் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக, மரபணுவுக்கு ஒன்றாகக் கட்டங்கள். "படிக்க முடிஞ்சுது. சிவப்பெல்லாம் கத்துது, நீலம் கம்முனு இருக்கு. மருந்து கொடுத்துப் பார்க்கலாம்."

அவள் திரையை நெருங்கிப் பார்த்தாள். சாகும் பயத்தில் கிடக்கும் ஒரு மனிதரின் பொட்டளவு சதைக்குள் இத்தனை பெரிய சந்தடியா!

"இந்த உலையெல்லாம் அம்மா வழியாத்தான் வரும், தெரியுமில்ல? உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வழி," என்றார் மருத்துவர்.

அவள் கட்டைவிரலைப் பார்த்தாள். துணுக்கைக் கெடுக்கவிருந்த அந்தச் சூடும் அம்மா கொடுத்த உலையிலிருந்து வந்ததுதான்.

மாலையில் அண்ணன் கேட்டார்: "மிச்சம் வச்சியா?"

"வச்சேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் சூடாகவே இருந்தன.