பெட்டி திரும்பும் தேதி

காரைக்குடியில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அம்மா இறந்த அன்று காலை அது. குவைத்திலிருந்து தம்பி எங்கள் ஊரான மானகிரிக்கு வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கப் பெட்டி வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எக்செல்லில் தானே மேக்ரோ எழுதிச் செய்த படிவத்தில் விவரங்களை ஏற்றினார். ஒவ்வொரு தேதியையும் திரையில் விரல் வைத்து, மாதத்தின் பெயரோடு வாய்விட்டு வாசித்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

“பெட்டிய என்னைக்குத் திருப்பி விடுவீக?”

“மார்ச் அஞ்சு.”

5/3 என்று அடித்தார். விரல் திரைக்குப் போனது. “மே மூணு,” என்று வாசித்து நிறுத்தினார். “புதுக் கம்ப்யூட்டர்ண்ணே. மாசத்தத்தான் முதல்ல எடுத்துக்கிருது.”

“அப்படியே இருக்கட்டுமே,” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்புட்டு நாளு வைக்க முடியாதுண்ணே.”

என் கண்ணெதிரே தேதியைத் திருத்தினார்.

அடக்கம் முடிந்து, சொன்ன நாளில் பெட்டி கடைக்குப் போய்விட்டது. மே மூன்றாம் தேதி மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“பெட்டிதான் வந்துருச்சேம்மா?” என்றேன்.

“வந்துருச்சுண்ணே. சும்மாதான் கூப்புட்டேன். சாப்புட்டீகளா?”

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. திரையில் அழித்துவிட்ட அந்தத் தேதியை அவர் எங்கே வைத்திருந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.