ஏழுமலை இட்லி தின்ற சேதி

நேற்று விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். இரண்டு வாசலிலும் டோக்கன் இயந்திரம். எனக்கும் எதிர்வாசலில் நுழைந்தவருக்கும் ஒரே எண். "மெஷின் எப்படி சார் தப்பு பண்ணும்?" என்றாள் கவுன்ட்டர் பெண். பண்ணும் அம்மா. இருவர் ஒரே கணத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு இயந்திரமும் அடுத்த எண் என்னவென்று பார்க்கும். இரண்டும் அதையே எடுத்துக்கொள்ளும். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே டோக்கனை மடித்துப் பையில் போட்டேன். ஸ்பிரிட் வாடையோடு எனக்கு எப்போதும் மீன் வாடையும் சேர்ந்து வந்துவிடும்.

தெருவுக்கொரு போன் பூத் இருந்த காலத்தில் திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை மரக்காணம் பக்கத்து மீன்காரி. கணவர் ஏழுமலை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பூத்திலிருந்து போன் செய்து விசாரித்தவளுக்கு, "இறந்துட்டாரும்மா, வந்து பாடிய வாங்கிக்கோங்க" என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் கூடையோடு எங்கள் நிலைய வாசலில் நின்றாள், ஏழுமலையையும் இழுத்துக்கொண்டு.

"பஸ்ஸு முச்சூடும் மார்ல அடிச்சிக்கினு போறேன். அங்க பாத்தா குந்திக்கினு இட்லி துன்னுது இந்த ஆளு! இன்னா மெஷினு சார் வச்சிக்கினுகீறீங்க?"

"உசுரோடதான் சார் கீறேன், எழுதிக்கோங்க" என்றார் ஏழுமலை.

மேலதிகாரி, "மறுபடி நடந்தா பாக்கலாம்" என்றார். நிகழ்த்திக் காட்ட முடியாத பழுது பழுதல்ல, விதி அப்படி. பழுதை வேவு பார்க்க நிரலில் சில வரிகளைச் சேர்த்தேன். அதனால் இயந்திரத்தின் வேகம் சற்றுக் குறைய, பழுது தலைகாட்டாமல் நல்ல பிள்ளையாகிவிட்டது. கடைசியில் கெர்னல் எனும் அடிப்படை நிரலைத் தாளில் அச்சடித்து வரிவரியாகப் படித்தேன். ஒரு தொலைபேசித் தடம் காலியா என்று பார்ப்பதற்கும் அதைப் பிடிப்பதற்கும் நடுவே இன்னொரு அழைப்பு நுழைய இடம் இருந்தது. நுழைந்தால் ஒருவர் கேட்டதற்கான பதில் மற்றவர் காதுக்குப் போகும். வேலை முடியும்வரை யாரும் குறுக்கிடாதபடி பூட்டுப் போட்டேன். இரண்டே வரி.

பெருமை தாங்காமல் இருவரையும் கூப்பிட்டு விளக்கினேன்.

ஏழுமலை சிரித்தார். "அப்போ நான் இட்லி துன்ன சேதி யாருக்கு சார் போச்சு?"

அஞ்சலை சிரிக்கவில்லை. "பாருங்க சார். ஆளு செத்த சேதி தெரியாம அந்தப் பொம்பள இன்னும் சந்தோசமா குந்திக்கினு இருப்பா."

பார்த்தேன். இயந்திரத்தின் பதிவில் ஒரே இடத்தில் இரண்டு அழைப்பும் தம் எண்ணை எழுதியிருந்தன. பின்னது முன்னதை அழித்திருந்தது. மிஞ்சியது அஞ்சலை பேசிய பூத்தின் எண்.

இப்போது நிலையம் பூட்டிக் கிடக்கிறது. பூத் இருந்த இடத்தில் பிரியாணி. இயந்திரம் பழைய இரும்புக்குப் போயிற்று. அந்த இன்னொரு பெண்ணின் எண், இதற்கெல்லாம் முன்பே போய்விட்டது.