ஆயுதபூஜைக்கு அணைத்த கிளஸ்டர்

மூன்று கம்ப்யூட்டர் கேபினட்டுகள், நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக, தலையில் ஆளுக்கொரு முழம் சாமந்தியோடு மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு மாடியில் இருந்தது எங்கள் சின்ன மென்பொருள் நிறுவனம். அன்றைக்கு ஆயுதபூஜை. அந்த கேபினட்டுகளின் முதுகுத் தூசியை ஒரு பழைய துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தவர் டீச்சரக்கா. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுதபூஜையை அவரளவுக்கு ஆசையோடு செய்தவர் எங்கள் ஆபீசில் வேறு யாருமில்லை. பொரி வாங்குவது, சுண்டல் கொண்டுவருவது, வாசலில் மாவிலை கட்டச் சொல்லி என்னை நாற்காலிமேல் ஏற்றுவது எல்லாம் அவர்தான். நாங்கள் கற்பூரம் காட்டும்போது அவர் கண்ணை மூடித் தன் ஆண்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்வார்.

முன்பு ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியராக இருந்ததால் அந்தப் பெயர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்ததற்காக அவர் வீட்டில் முணுமுணுப்பு ஓயவே இல்லை. எங்களிடம் வந்தும், போனை எடுத்து ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’ என்கிறவர்களைச் சமாதானப்படுத்தும் வேலைதான் கிடைத்தது. அந்த வருஷம்தான், முதலாளியோடு சண்டை போடாத குறையாகப் பேசி, ஒரு வேலையை முழுசாகத் தானே எடுத்துக்கொண்டார். “விஜயதசமி அன்னிக்குக் காலைல ஓடும் சார். ஓடலேன்னா நான் பேசாம மறுபடி போனை எடுக்கப் போயிடறேன்” என்றும் சொல்லிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சரி விளையாட்டில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேலை கொடுத்தவர்கள் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையைச் சேர்ந்த ஓர் அண்ணனும் தம்பியும். அப்பா விட்டுப்போன ஒரே ஷெட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். நாங்கள் பெரியவர், சின்னவர் என்போம். இருவரும் ஒரே மாதிரி இரும்புச் சாமான் செய்தார்கள், ஒரே ஆர்டருக்குப் போட்டி போட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. டிராயிங்குகளை வைத்துக்கொள்ள இருவரும் எங்களுடைய மென்பொருளையே வாங்கியிருந்தார்கள். பட்டறைத் தூசியில் சர்வர் வைக்க முடியாது என்பதால் எங்கள் ஆபீசிலேயே வைத்து ஓட்டித்தர வேண்டும் என்றார்கள். தனித்தனியாக வந்து, சொல்லிவைத்த மாதிரி ஒரே நிபந்தனையைப் போட்டார்கள்: என் டிராயிங் அந்தப் பக்கம் கசியவே கூடாது.

வழக்கமாக நாங்கள் ஒவ்வொருவருடைய மென்பொருளையும் கன்டெய்னர் என்கிற தனித்தனிப் பெட்டியில் போட்டு ஓட்டுவோம். அப்படிப் பெட்டிகளைச் சுமக்கும் பல மெஷின்களைச் சேர்த்துக் கட்டி மேய்ப்பதுதான் கிளஸ்டர். பெட்டி தனி என்றாலும், அடியில் மெஷினை இயக்குகிற கெர்னல் எல்லாப் பெட்டிக்கும் பொது. டீச்சரக்கா அதை ஒண்டுக்குடித்தனம் என்பார். “கதவுதான் தனி, குழாய் ஒண்ணுதான். இவங்களுக்கு அது சரிப்படாது. தனி வீடு, தனி மோட்டார், தனி மீட்டர்” என்று சொல்லிவிட்டு அவர் தேடிப்பிடித்ததுதான், ஒரு மெஷினுக்குள்ளேயே குட்டிக் கணினிகளை உண்டாக்கும் ஹைப்பர்வைசரை வைத்துப் பெட்டிகளை ஓட்டுகிற ரன்டைம். அது ஒவ்வொரு கன்டெய்னரையும் அதற்கே உரிய ஒரு குட்டிக் கணினிக்குள், சொந்தக் கெர்னலோடு எழுப்பும். எழுப்பும் என்று நான் எழுதிவிட்டேன், எழுப்புவதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் முதல் கன்டெய்னர் எழுந்தது. வெளியே கெர்னலின் பதிப்பெண் ஒன்று, உள்ளே நுழைந்து கேட்டால் வேறொன்று; வீடு தனிதான் என்பதற்கு அதுவே சாட்சி. “ஸ்தோத்திரம்!” என்று அவர் போட்ட சத்தத்தில் என் டீ கொட்டிவிட்டது. கீழ்க்கடை தையல்காரர் உட்பட எல்லோரையும் இழுத்துவந்து அந்த இரண்டு எண்களைக் காட்டினார். தையல்காரரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, நல்லா இருக்கும்மா என்றார்.

தனி வீடு என்றால் இடமும் அதிகம் பிடிக்கும். ஒரு மெஷினின் நினைவகத்தில் இருவரையும் குடிவைக்க முடியவில்லை. பெரியவருக்கு ஒரு மெஷின், சின்னவருக்கு எங்களிடம் கிடந்த பழையது ஒன்று, இரண்டையும் மேய்க்க மூன்றாவது என்று முடிவாயிற்று. ஆயுதபூஜைக்கு முதல்நாளே இருவருடையதும் அழகாக ஓடிக்கொண்டிருந்தன. சர்வரை யாராவது பூஜைக்கு அணைப்பார்களா என்று கேட்டேன். “கத்திரிக்கோலுக்குக்கூட இன்னிக்கு லீவு. இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” என்று, தானே பிளக்கைப் பிடுங்கித் துடைத்து மேஜையில் ஏற்றினார்.

மறுநாள் விஜயதசமி. அண்ணன் தம்பி எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள், குடும்ப ஜோசியரை மட்டும் பிரிக்கவில்லை. ஆகவே நல்ல நேரம் இருவருக்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. இருவரும் வந்து, ஒரே அறையில் வேறு வேறு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மெஷின்களைப் போட்டோம். பெரியவருடையது எழுந்தது. சின்னவருடையது எழவே இல்லை.

“அவருக்கு மட்டும் எப்படி மேடம் வருது?” என்றார் சின்னவர். பெரியவர் லேசாகச் செருமினார். அந்தச் செருமலே போதும், இன்னும் கொஞ்ச நேரத்தில் இருவரும் எழுந்து போய்விடுவார்கள் என்று புரிந்துவிட்டது. நான் டீச்சரக்காவின் காதருகில் போய், இன்று ஒருநாள் சின்னவருடையதைச் சாதாரண கன்டெய்னராகவே ஓட்டிவிடலாம், அந்த மெஷினில் இன்று வேறு யாருடைய பெட்டியும் இல்லை, ஒரு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாது என்றேன். அது நல்ல யோசனை என்றுதான் நான் இன்றும் சொல்வேன். “தனி வீடுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நான் போன் எடுக்கப் போனாலும் போவேன், அதை மட்டும் பண்ண மாட்டேன்” என்று என்னைத் தள்ளிவிட்டு, அந்தப் பழைய மெஷினில் மானிட்டரைச் செருகினார்.

திரையில் தெரிந்த தேதி எந்தக் காலத்ததோ. பார்த்ததுமே அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மெஷினின் அடிப்படை அமைப்புகளையும் கடிகாரத்தையும் காப்பாற்றிவைக்கும் வட்டமான சின்ன பேட்டரி, நாங்கள் மெஷினைத் தயார்செய்த பிறகு எப்போதோ செத்துப்போயிருந்தது. பிளக்கில் இருந்தவரை அது வெளியே தெரியவில்லை. நாங்கள் பூஜைக்குப் பிடுங்கியதும் மெஷின் எல்லாவற்றையும் மறந்து, ஹைப்பர்வைசருக்கு வேண்டிய வசதியையும் மூடிவைத்துவிட்டது. “லீவு குடுத்தேன்ல, நல்லா அனுபவிச்சிருக்கு” என்றார். வசதியைத் திறந்துவிட்டோம். ஆனால் அந்தப் பழைய மெஷினில், பிளக்கைப் பிடுங்கிப் போட்டால்தான் மாற்றம் ஏறும். பிடுங்கினாலோ, பேட்டரி செத்ததால் அது திரும்பவும் மறந்துவிடும். ஆபீசின் மற்ற மெஷின்களில் அந்த பேட்டரி கழற்ற வராதபடி பற்றவைத்திருந்தது; புதிது வாங்க வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். சாலை நெடுக வாழைக்கன்று கட்டிய ஷட்டர்கள், ஒன்றும் திறக்கவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது டீச்சரக்கா பெரியவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலில் கார் சாவி சுழன்றுகொண்டிருந்தது, பட்டனை அமுக்கிக் கிளப்பும் வகைக் காரின் சாவி.

“அண்ணா, அந்தச் சாவியைக் குடுக்கறீங்களா? உள்ள இதே பேட்டரிதான் இருக்கும். சின்னவர் மெஷினுக்கு வேணும்.”

பெரியவர் சாவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “நான் எப்படிம்மா வீட்டுக்குப் போறது?” என்றார்.

“அது தெரியலண்ணா.”

சின்னவர் தன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “மேடம், பைக்ல ஏறுவாரான்னு கேளுங்க. நான் கொண்டுபோய் விடறேன்.”

“மெதுவா ஓட்டுவானான்னு கேளும்மா” என்றார் பெரியவர், சாவியை மேஜையில் வைத்துக்கொண்டே.

பேட்டரி பொருந்தியது. மெஷின் எழுந்தது, குட்டிக் கணினி எழுந்தது, சின்னவரின் கன்டெய்னர் எழுந்தது. உள்ளே புகுந்து கெர்னலைக் கேட்டால் வேறு எண்தான் வந்தது. நல்ல நேரம் முடியவும் இல்லை. டீச்சரக்கா எழுந்து நின்று கைதட்டினார், நானும் தட்டினேன், சகோதரர்கள் எதற்கு என்று தெரியாமலே தட்டினார்கள். என் வேலை வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை இன்னொன்று வந்ததில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சின்னவர் பைக்கின் பின்னால் பெரியவர், வேட்டியை மடித்துக்கட்டி, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு போனார்.

நான் அங்கிருந்து விலகிவிட்டேன். இப்போது நான் ஓட்டுகிற மெஷின்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. அன்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுப்பியதை ஒரு பட்டனை அமுக்கி எழுப்புகிறேன், எழுந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறேன். கைதட்ட ஆளில்லை, எனக்கும் தோன்றுவதில்லை. டீச்சரக்கா அந்த நிறுவனத்திலேயே கிளஸ்டர் எல்லாவற்றுக்கும் தலைவியாகிவிட்டார். போன மாதம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். நலம் விசாரிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரியவர் போன் பண்ணாருடா. பெரிய ஆர்டராம், ரெண்டு பேரும் சேந்து எடுத்திருக்காங்களாம். சின்னவர் டிராயிங்கை இவரும் பாக்கணும், இவருதை அவரும் பாக்கணும், அந்த மாதிரி பண்ணிக் குடும்மான்னு கேக்கறாரு. எப்படி இருக்கும் எனக்கு? இதுக்கா அந்தப் பாடு பட்டோம்னு நல்லாத் திட்டிட்டேன்.”

“செஞ்சு குடுத்தீங்களா?”

“நேத்துதான். ஒரே ஒரு வரி மாத்தினேன், அவ்வளவுதான். பிரிக்கறதுக்கு எவ்வளவு பாடுபட்டோம், சேக்கறதுக்கு ஒரே வரி” என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.