பந்தலுக்கு மேலே பக்கத்துத் தெருக்காரர்

எங்கள் வீட்டுப் பின்பக்கப் பந்தலுக்குக் கூரையாக இருப்பவர் பக்கத்துத் தெருக்காரர். செத்துப்போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எட்டடிக்குப் பத்தடி பிளக்ஸில் சிரித்துக்கொண்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோது தினமும் தன் லோடு ஆட்டோவை என் கேட்டை மறித்து நிறுத்துவார், நானும் தினமும் கத்துவேன். இப்போது நேராகத் தலைக்கு மேலேயே வந்துவிட்டார். இதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் என் வீட்டுக்காரர் செய்த வேலை.

ஆவடிப் பக்கம் சேக்காட்டில் எங்கள் வீடு. அடுப்படி மேற்குப் பக்கம். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அங்கே நின்றால் குழம்போடு நானும் கொதிப்பேன். முட்டி வலி வேறு. நான் கேட்டது கொஞ்சம்தான். பின்னால் கறிவேப்பிலை மரத்தை ஒட்டி ஒரு சின்னப் பந்தல், மேலே ஒரு நல்ல ஷீட், கீழே ஒரு நாற்காலி. ஓரத்தில் அவரைக்கொடி ஏறினால் ஏறட்டும். அவர் கம்பெனியிலிருந்து ரிட்டயர் ஆன மூன்றாவது வாரத்தில் இதைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஷீட்டு இன்னாத்துக்கு வாங்கணும்? ஊர்ல எவ்ளோ பொருளு சும்மா கெடக்குது" என்றார்.

அடுத்த ஒரு மாதம் பொருள்களாக வந்து இறங்கின. தெருமுனையில் இடித்த வீட்டிலிருந்து துருப்பிடித்த ஜன்னல் கிரில் இரண்டு. யாரோ தூக்கிப்போட்ட இரும்புக் கட்டில், அதற்கு ஒரு கால் இல்லை. தண்ணீர் வற்றிய போரிலிருந்து உருவிய பைப் நான்கு, நான்கும் நான்கு நீளம். யாருக்கும் வேண்டாத கேபிள் டிவி வயர் ஒரு பெரிய சுருள். காலிப் பெயிண்ட் வாளிகள். ஒவ்வொன்றையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி என்னைக் கூப்பிடுவார். அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு நான் போய்ப் பார்த்து ஆகா என்று சொல்ல வேண்டும்.

பெயிண்ட் வாளியில் சிமெண்ட் கலவையை ஊற்றி, நடுவில் பைப்பைச் செருகி, அதுதான் தூண் என்றார். குழி தோண்டி நட்டால் உறுதியாக நிற்குமே என்றேன். "நாளிக்கி எடம் மாத்தணும்னா?" என்றார். வாடகைக்கு வீடு மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பந்தல் மாறுகிறவர்களைப் பார்த்ததில்லை. கட்டில் சட்டம் கூரைச் சட்டமாகவும், கிரில் பக்கத்துத் தட்டியாகவும் ஆயின. எல்லாவற்றையும் கேபிள் வயரால் இறுக்கிக் கட்டினார். ஒரு மூலை ஏறியும் ஒரு மூலை இறங்கியும் இருந்தது. எதிரெதிர்ப் பக்கம் எதுவும் ஒரே அளவில் இல்லை. இந்த மனிதர் கம்பெனியில் முப்பது வருடம் அளவு பார்க்கும் வேலை செய்தவர். அங்கே ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். வீட்டில் எல்லாம் கைமுழம்தான்.

கடைசியில் கூரைக்கு வந்தோம். பட்டாபிராம் காயலான் கடையிலிருந்து ஒரு பிளக்ஸ் சுருளைத் தோளில் சுமந்து வந்தார். அச்சடித்த பக்கம் கீழே, வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் வெயில் இறங்காது என்று ஏணியில் ஏறி உட்கார்ந்துகொண்டு உருட்டி உருட்டி விரித்துக் கட்டினார். மேலேயிருந்து அவருக்குத் தெரிந்தது வெள்ளைத் துணி மட்டும். முடித்துவிட்டு, "வந்து பாருமே, பங்களா மாதிரி கீது" என்று கூப்பிட்டார்.

போய்க் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, அதற்குக் கீழே லோடு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏங்க, இறங்கி வந்து என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு பாருங்க" என்றேன். இறங்கி வந்து பார்த்தார். "அட, நம்மாளு" என்றார். ஏதோ கல்யாணத்தில் தெரிந்தவரைச் சந்தித்ததுபோல.

அந்த ஆளின் மனைவி அடுத்த தெருவில் ஒரே ரூம் போர்ஷனில் மகனோடு இருக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் மரத்தில் கறிவேப்பிலை பறிக்க வருவாள். புருஷன் போன துக்கமே இன்னும் ஆறாதவள், அவர் முகத்தை நாங்கள் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? கழற்றுங்கள் என்றேன். மூன்று நாள் உழைப்பு, மழை வருகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். "அவரு உன்ன இன்னா பண்றாரு? சும்மாதானே கீறாரு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏணியைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். கழற்றவும் ஏணி வேண்டுமே என்று பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் காவல் காத்தேன். அவள் குரல் கேட்டதும் ஓடிப்போய் நானே கறிவேப்பிலையை ஒடித்து, முன்வாசலிலேயே கையில் கொடுத்து அனுப்பினேன். "நான் பறிச்சுக்கிறேனேக்கா" என்பாள். பின்னால் சேறு என்பேன், பூரான் என்பேன். மழையே பெய்யாத வாரத்தில் சேறு. நிம்மதியாக உட்காரப் பந்தல் கேட்டவளுக்குக் கிடைத்தது இந்த வாட்ச்மேன் உத்தியோகம்.

ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பின்னால போம்மா, வேணும்றத பறிச்சிக்கோ" என்றிருக்கிறார். ஈரத் தலையோடு நான் ஓடியபோது அவள் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் கறிவேப்பிலைக் கொத்து.

"தெரியாம நடந்துபோச்சும்மா. இப்பவே கழட்டிக் கொடுத்துடுறோம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்தக் கை என்னுதுக்கா" என்றாள்.

அப்போதுதான் நானும் கவனித்தேன். அவர் இடது தோளில் ஒரு கையின் நான்கு விரல்கள் இருந்தன. ஒன்றில் நெளி மோதிரம். பிளக்ஸ் அடித்த பையன் பக்கத்தில் நின்றவளை வெட்டிவிட்டு, விரல்களை மட்டும் விட்டுவிட்டான். அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். அதே மோதிரம்.

"தம்பி கல்யாணத்துல எடுத்ததுக்கா. ரெண்டு பேரும் சேந்து நின்னது அது ஒண்ணுதான். போன் மழத் தண்ணில பூடுச்சி. பிளக்ஸ் கடைல கேட்டா அழிச்சிட்டோம்றான். தெருமுனைல கட்டுனத அப்பால போய்ப் பாத்தா அதயும் காணோம். எங்கல்லாம் தேடினேன் தெரியுமா?"

எடுத்துப்போகச் சொன்னேன். "எங்க ஊட்ல எந்தச் செவுத்துல மாட்டுவேன்? செவுறே எட்டடி கெடையாதே" என்றாள். வெட்டிச் சின்னதாக்கவும் மனம் வரவில்லை. என் போனில் படம் பிடித்து, ஆவடியில் பிரின்ட் போட்டு வாங்கிக் கொடுத்தேன். புள்ளி புள்ளியாக வந்தது. அவர் முகம் தேறியது, விரல்கள் தேறவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு வாங்கிக்கொண்டாள்.

"இங்கயே இருக்கட்டும்க்கா. நான் வந்து பாத்துக்கிறேன்" என்றவள், கொஞ்சம் தயங்கி, "நாற்காலில குந்திப் பாத்தா தலகீழாத் தெரியிறாரு" என்றாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்றேன். திருப்பினால் கக்கூஸ் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். "ஏம்மே, உனக்குக் கொஞ்சமாச்சும் இது கீதா?" என்று என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். நான் சொன்னபோது கழற்ற மாட்டேன் என்ற மனிதர், ஏணி எங்கே என்று தானே தேடிக் கண்டுபிடித்து, எல்லா முடிச்சையும் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார். சட்டம் கோணல் அல்லவா, திருப்பியதும் ஒரு மூலை எட்டவில்லை. ஒரு தூணை வாளியோடு நகர்த்தி என் புதினாப் பாத்தியின் நடுவில் வைத்தார். "பாத்தியா, எடம் மாத்தணும்னா வேணும்னு சொன்னேன்ல" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி ரயில் போகிற சத்தம் கேட்டால் அவள் வந்துவிடுவாள். எனக்காகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, என் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே மேலே பார்த்துத் திட்டுவாள். "உம்புள்ள இன்னிக்கும் வேலைக்கிப் போவல, நீ நல்லா சிரி." நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் அவளோடு சேர்ந்து நானும் கேட்டை மறித்த கதையை எடுத்து இரண்டு வாங்கு வாங்குவேன். திட்டினால் மனசுக்கு லேசாகத்தான் இருந்தது.

இந்த வெயிலில் பிளக்ஸ் வெடிக்க ஆரம்பித்தது. அச்சடித்த தோல் சருகாக உதிர்ந்து காய்கறிக் கூடையில் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். விரிசல் அவர் தோளை நோக்கி வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். மத்தியானம் ஒரு லோடு ஆட்டோ வந்து சரியாக என் கேட்டை மறித்து நின்றது. அதிலிருந்து புத்தம் புதிய ஷீட்டுகள் இறங்கின. கடையில் வாங்கியவை, ஸ்டிக்கர்கூட உரிக்காதவை. ஏணியில் ஏறி, பிளக்ஸுக்கு மேலே அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு முடுக்கினார்.

நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கீழே நின்றேன். "முதல்ல நான் இதைத்தானே கேட்டேன்? வாயைத் திறந்து கேட்டேனே? அப்ப ஏன் வாங்கல?"

"அப்ப வெயிலு நம்ம மேலதானே பட்டுது" என்றார், ஆணியை வாயில் வைத்துக்கொண்டு.

இவரோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு யாராவது ஏதாவது கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவள் வந்தாள். மேலே பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், உட்கார்ந்தாள். நான் என் போனை அவளிடம் கொடுத்து, எங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிமெண்ட் கறை பட்ட பனியனோடு விறைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் கையைப் போட்டேன்.

"இன்னாமே இது, வேர்க்குது, கைய எடு" என்றார்.

"பேசாம நில்லுங்க" என்று சொல்லி, ஐந்து விரலும் படத்தில் விழும்படி அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.